பட்டன் டப்பா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் நலம், என் நாய்களும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்காராதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பூட்டைப் பட்டப்பகலில் உடைத்தார்கள் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அத்தான் லாரியை எடுத்தால் திரும்பிவரப் பதினைந்து நாள். அதுவரை நீயும் ஆறு வயசுச் சிட்டுவும் தனியாக இருக்கிறீர்கள். அதனால் அத்தான் இங்கே லோடு இறக்க வந்த சாக்கில் இந்தக் கடிதத்தோடு ஒரு ஆளையும் ஏற்றி அனுப்புகிறேன். பெயர் மந்திரி, வயசு மூன்று. ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கிற ஜாதி நாய். இந்த ஜாதி சொன்னதைச் செய்யாது, யோசித்துத்தான் செய்யும். பந்தை எறிந்தால் எடுத்து வராது. எறிந்தவன் நீதானே, நீயே போய் எடு என்று பார்க்கும். ஆனால் தன்னுடையது என்று மனசில் எழுதிக்கொண்டால் உயிரைக் கொடுக்கும்.

கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் போகிற பதினெட்டு நாய்கள் இந்தப் பண்ணையில் என் கையில் வளர்கின்றன. அதில் இவனை முதலாளியிடம் கெஞ்சி உனக்கென்று வாங்கினேன். முதல் வாரம் சிட்டுவே சாப்பாடு வைக்கட்டும். தின்னும்போது யாரும் கிட்டே போக வேண்டாம். படுக்க ஒரு மூலை கொடு. பதவிக்குத் தகுந்த மரியாதையும் கொடு.

சிட்டுவின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம்.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியும். ரோட்டில் இருக்கிற அத்தானையும் சேர்த்தால் நாலு. உன் இருமல் நின்றதா? நாய்க்கு மருந்து கொடுக்கத் தெரிந்தவனுக்குத் தனக்குக் கொடுத்துக்கொள்ளத் தெரியாது.

மந்திரி வந்த அன்றைக்கே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகப் போய் என் கட்டிங் மேஜைக்கு அடியில் படுத்தார். அதுதான் அவர் அலுவலகம். வெட்டு விழுகிற துணியெல்லாம் அவர் முதுகில்தான் விழுகிறது, அசைய மாட்டார். சிட்டுவும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். தெருவில் ஒருத்தன் சுவர் ஓரமாக நின்று பார்த்தான், இவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான், அவன் நடையைக் கட்டிவிட்டான். திருட்டுப் பயம் போனது உன் புண்ணியம்.

ஆனால் ஒரு குறை. உறுமுகிறார். முதல் வாரம் இல்லை, இப்போதுதான். சிட்டு கழுத்தைக் கட்டிக்கொண்டால் உறுமுகிறார். அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் குனிந்து பார்த்தால் உறுமுகிறார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள் வீட்டுக்குப் பிள்ளைகள் வராமல் எப்படி? போன வாரம் இரண்டு தாய்மார்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். எதிர்வீட்டு டீச்சரும் ஜாடையாகச் சொல்லிவிட்டார். மந்திரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மேஜைக் காலில் காதைத் தேய்த்தபடியே இருக்கிறார், அது ஏன் என்றும் எழுது. முக்கியமாக இந்த உறுமலை நிறுத்த ஒரு வழி சொல்.

கீழே சிட்டு எழுதுகிறாள்.

அக்கா

மாமா, மந்திரி என் தோஸ்து. அது வாய்க்குள்ள மெஷின் ஓட்டுது. சிட்டு.


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் பாதி போய்விட்டது, மீதி துணைக்கு இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும்.

உறுமலா? அதற்கு மருந்து உன் வீட்டிலேயே இருக்கிறது. உன் பட்டன் டப்பா. பண்ணையில் நாங்கள் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு வைத்திருப்போம். நாய் உறுமத் தொடங்கிய அந்த நொடியே காதுக்குப் பக்கத்தில் ஒரே ஆட்டு. அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். உறுமினால் அந்தச் சத்தம் வரும் என்று அதுவே புரிந்துகொள்ளும். என் பதினெட்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். உறுமுகிற நாயை வீட்டுக்காரர் யாரும் வாங்க மாட்டார், அக்கா. திருடனைப் பார்த்துக் குரைக்கலாம், வீட்டாரைப் பார்த்து வாய் திறக்கக் கூடாது.

டப்பாவைச் சிட்டு கையில் கொடு. அவளும் தனக்கு எஜமானி என்று அவனுக்குத் தெரியட்டும். ஒரு நாளில் எத்தனை தடவை ஆட்டினாள் என்று எண்ணி எனக்கு எழுதச் சொல். சைபர் ஆகிற அன்றைக்கு இருபத்து நாலு கலர் பென்சில் மாமா செலவு.

காது விஷயம் ஒன்றுமில்லை. புது இடத்துத் தூசியாக இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விடு.

அத்தானை ரோட்டில் நிதானமாகப் போகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆசை. என் இடுப்பைப் பற்றிக் கேட்காதே. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் தாள் போதாது.

நீ மந்திரவாதிதான். முதல் நாள் டப்பாவை ஆட்டியதும் மந்திரி தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற வேகத்தில் பின்னால் போனார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. சிட்டு அழுதாள். நான்தான், நல்லதுக்குத்தான் என்று சமாதானம் சொன்னேன். இப்போது அவளே டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சட்டைக்கு ஒரு பட்டன் வேண்டுமென்றால் அவளிடம் விண்ணப்பம் போட வேண்டும்.

பிள்ளைகள் அளவு கொடுக்க வருகிறார்கள். ஒரு பயல் மந்திரியின் வாலைப் பிடித்துத் திருகிப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

அக்கா

மாமா, முதல்ல ஒன்பது. அப்புறம் ஆறு. நேத்து ரெண்டு. பென்சில்ல ரோஸ் கலர் இருக்கணும். சிட்டு.


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பதைச் சிட்டுவின் கணக்கே சொல்லிவிட்டது.

உன் கடிதத்தைப் பண்ணையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு வயசுப் பெண் மந்தை நாயை அடக்கிவிட்டாள் என்றால் சும்மாவா? முதலாளி அதைக் கேட்டுவிட்டு, இனிமேல் கிடங்குக்கு மட்டும் இல்லை, வீடுகளுக்கும் நாய் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். இந்த மாதம் மட்டும் நாலு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன், எல்லாம் பிள்ளைகள் உள்ள வீடு. போகிற வீட்டிலெல்லாம் என் அக்கா மகள் கதையைத்தான் சொல்கிறேன். கேட்டதும் தாய்மார்களின் முகம் தெளிந்துவிடுகிறது.

இரண்டு ஒன்றாகட்டும், ஒன்று சைபராகட்டும். கடைக்காரரிடம் ரோஸ் கலரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

சுகம். வேலை தலைக்கு மேல். பள்ளி திறப்பதற்குள் இருநூறு சட்டை. நீண்ட கடிதம் அப்புறம். மந்திரி இருக்கிற இடம் தெரியவில்லை, சில சமயம் நானே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. காதைத் தேய்ப்பதும் நின்றுவிட்டது. சாப்பாடுதான் கொஞ்சம் குறைச்சல், வெயில் காரணமாக இருக்கும். கீழே உன் மருமகள் கையெழுத்து.

அக்கா

மாமா, சைபர். மூணு நாளா சைபர். பென்சில் எங்க?


ஏப்ரல் 19

என் அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

மாமா சொன்ன சொல் தவற மாட்டேன். இருபத்து நாலு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள். முதல் படம் மந்திரியுடையதாக இருக்க வேண்டும். வரைந்து மாமாவுக்கு அனுப்பு, பண்ணைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

அம்மா, அப்பா இருவரின் சுகத்தையும் எழுது.

மாமா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பிதான். உயிரோடு இருக்கிறேன், ஒருவேளை நீ மறந்திருப்பாயோ என்று சொல்கிறேன்.

பென்சில் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. வந்து சேர்ந்ததா இல்லையா என்றுகூட ஒரு வரி இல்லை. இருநூறு சட்டை முடிந்திருக்கும், பள்ளிக்கூடமும் திறக்கப் போகிறது. அத்தான் லாரியும் இந்தப் பக்கம் வரவில்லை. கிடங்கில் கேட்டால், அவர் ஒரு மாதமாக லோடே எடுக்கவில்லை என்கிறார்கள். உடம்பு சரியில்லையா? உனக்கா, அவருக்கா? சிட்டுவின் மந்திரி படத்துக்காகச் சுவரில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

உன் தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நாங்கள் இருக்கிறோம். நீ சுகம்தானே?

எழுத நேரமே கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு, அதனால் வீட்டில் இருக்கிறார். இரண்டு நாள் மழை பெய்தது. கட்டிங் மேஜையைப் பின் அறைக்கு மாற்றிவிட்டேன், அங்கே வெளிச்சம் பரவாயில்லை. பட்டன்களை இப்போது துணிப்பையில் போட்டு வைக்கிறேன், எடுக்க வசதியாக இருக்கிறது. சிட்டு பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வருஷம் அவளுக்கு முழுக்கைச் சட்டை தைத்திருக்கிறேன். வளர்கிற பிள்ளை.

பென்சில் வந்தது. இருபத்து மூன்று இருக்கிறது, ஒன்று எங்கேயோ உருண்டு போய்விட்டது. அவள் தூங்குகிறாள், அதனால் கீழே எழுதவில்லை.

மந்திரி இப்போது இங்கே இல்லை. வீடு சின்னது, அவ்வளவு பெரிய ஆளுக்கு இடம் போதவில்லை. அத்தான் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுகிறேன். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இடம் போதவில்லையா? மேஜைக்கு அடியில் கிடந்தவனுக்கா இடம் போதவில்லை? கொண்டுபோய் விட்டார் என்றால் எங்கே விட்டார்? பிடிக்கவில்லையென்றால் எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இங்கே அவன் கூண்டு காலியாகத்தான் கிடக்கிறது. நான் கொடுத்ததை யாருக்கோ கொடுத்துவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டாய். அத்தானுக்குப் பிடிக்கவில்லையா? என்மேல் ஏதாவது கோபமா? இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். சிட்டு ஒரு வரி எழுதாத கடிதம் உன்னிடமிருந்து எனக்கு இதுவரை வந்ததே இல்லை.

சரி, என் பாட்டைச் சொல்கிறேன். இதுவரை ஆறு வீடுகள். ஏழாவது வீட்டுக்கு வருகிற இருபத்தைந்தாம் தேதி நானே நாயைக் கொண்டுபோகிறேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு வயசில் இரட்டைக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. பிள்ளைகள் மேலே ஏறினாலும் மூச்சு விடாத நாயாக வேண்டும் என்றார்கள். அப்படி ஒருத்தியைத் தயார் செய்திருக்கிறேன். காலை மிதித்தாலும் வாய் திறக்க மாட்டாள். அவர்களிடமும் சிட்டு கதைதான் சொன்னேன்.

பதில் எழுது.

உன் தம்பி


ஜூன் 19

தம்பி,

இருபத்தைந்தாம் தேதி அந்த நாயை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதே. மற்றதைப் பிறகு படி, இதை முதலில் மனசில் வாங்கிக்கொள். கொண்டுபோகாதே.

மந்திரி சிட்டுவைக் கடித்துவிட்டது.

ஏப்ரல் இருபத்து நாலு. மத்தியானம் உன் பென்சில் பெட்டி வந்தது. நான் மெஷினில் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டு, மந்திரிக்குக் காட்டுகிறேன் என்று மேஜைக்கு அடியில் போனாள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு எட்டுகூட இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை, தம்பி. பென்சில்கள் தரையில் உருண்டு வந்து என் கால் விரலில் இடித்தன. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

வலது கை, முழங்கைக்குக் கீழே. எதிர்வீட்டு டீச்சர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். முப்பத்தொரு தையல். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்கிறார்கள். அதனால்தான் அவள் உனக்கு எழுதவில்லை. முழுக்கைச் சட்டையும் அதனால்தான்.

மறுநாள் அத்தான் வந்து மந்திரியைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார். பென்சில்களுக்கு நடுவில் அப்படியே படுத்திருந்ததாம். டாக்டர் காதைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே முழுக்கச் சீழ். இரண்டு மூன்று மாதமாக இருக்கும், காற்றுப் பட்டாலே உயிர் போகிற வலி, கழுத்தைக் கட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம் என்றாராம். சொல்லிவிட்டு, "இத்தனை நாளா அது ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான், "இல்லைங்க, ரொம்ப அமைதியான நாய்," என்று பதில் சொல்லியிருக்கிறார். உயிரை முடிக்கிற ஊசி போடும்போதும் சத்தம் இல்லையாம். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை அவர் ஆச்சரியமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டப்பா விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

அது சொன்னது, தம்பி. நாளுக்கு ஒன்பது தடவை சொன்னது. நாம் அதன் வலிக்கிற காதுக்குப் பக்கத்தில் டப்பாவை ஆட்டினோம். என் பிள்ளை கையில் அதைக் கொடுத்து ஆட்டச் சொன்னோம்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். உனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், தெரிந்தால் இடிந்துபோவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உறுமலை நிறுத்த வழி கேட்டு எழுதினவள் நான். வாசலோடு திரும்பிப்போன இரண்டு தாய்மார்களுக்காகக் கேட்டேன். உனக்கு எழுதினால் அதையும் எழுத வேண்டியிருக்கும். பட்டன் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கட்டு மாற்றும்போது சிட்டு அழுவதில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். "சத்தமே போடாத நல்ல பொண்ணு," என்று நர்ஸ் தட்டிக்கொடுக்கிறார். வலித்தால் கத்துடி என்று கெஞ்சுகிறேன், தலையை ஆட்டிவிட்டு மூடிக்கொள்கிறாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள், "அது உறுமவே இல்லையேம்மா, நான் டப்பாவை ஆட்டலையே, அப்புறம் ஏன்?"

மெஷின் மோட்டாரை மெதுவாக ஓட்டினால் ஒரு சத்தம் வருகிறது, உனக்குத் தெரியும். நேற்றும் அந்தச் சத்தம் வந்தது. அப்பாடா, உறுமுகிறது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது. காலை எடுத்தேன், சத்தம் நின்றது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறேன், தம்பி. மேஜையைப் பின் அறைக்கு மாற்றியும் பயனில்லை.

அந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் மூடி வைத்திருப்பேனோ தெரியாது. இன்று காலை அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு, "லெட்டரைக் குடு, தபால்ல போட வேணாம். நானே கொண்டு போறேன்," என்றார்.

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

அத்தான் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏழாவது வீட்டுக்கு நாய் போகவில்லை. அந்தத் தாயிடம் நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கும் எனக்கும் பெரிய சண்டை. இன்னும் வேலையில் இருக்கிறேன், எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

நீ மறைத்தது இரண்டு மாதம். நான் மறைத்ததையும் கேள். பண்ணைக்கு வருகிற டாக்டர் என்னிடம் போன வருஷமே சொன்னார், "உறுமுற நாய் உனக்கு நேரம் குடுக்குது, அதைப் பிடுங்காதே. பிடுங்கினா கோபம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போயிடும்." நான் சிரித்தேன். புத்தகம் படித்தவர், நாய் வளர்த்தவர் இல்லை என்று நினைத்தேன். பிப்ரவரியில் உனக்கு டப்பாவைப் பற்றி எழுதும்போது அவர் சொன்னது என் நினைவில் இருந்தது. எழுதினால் நீ தயங்குவாய் என்று விட்டுவிட்டேன். காதைத் தேய்க்கிறது என்று நீ எழுதினாய். மூன்று மாதக் குட்டியின் காதையும் மோந்து பார்த்தே நோய் சொல்கிற நான், உனக்குத் தூசி என்று எழுதினேன்.

ஆறு வீடுகளுக்கும் போனேன். ஐந்து வீட்டார் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஏற்கெனவே பிள்ளையின் சட்டை கிழிந்திருந்தது, தோல் படவில்லை. ஆறாவது வீடு ஒரு மருந்துக்கடைக்காரருடையது. நான்கு வயசு மகன். நான் போனபோது நாயின் முதுகில் உட்கார்ந்து அதன் காதைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். நாய் உதட்டை நக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. பொறுமை எல்லை தாண்டிய நாயின் அடையாளம் அது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை.

திருப்பிக் கொடுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "உறுமுற நாயைத் திருப்பி எடுத்துக்கோன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன். உறுமாத நாயைக் குடுன்னு கேக்குற ஆளை இப்பத்தான் தம்பி பாக்குறேன்," என்றார். கடிக்கும் என்றேன். "உங்க அக்கா பொண்ணு ஆறு வயசுல அடக்கினான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். எந்தப் பிள்ளை பெயரைச் சொல்லி விற்றேனோ, அந்தப் பிள்ளையின் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு தடவை போய்விட்டேன். இப்போது என்னைப் பார்த்தால் கதவைத் திறப்பதில்லை. உள்ளே பையன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த நாய் உள்ளேதான் இருக்கிறது, அதன் சத்தம் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த ஐந்தோடும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். டப்பாக்களைப் புதைத்துவிட்டேன். கையை மெதுவாகக் கொண்டுபோகிறேன். அவற்றின் உடம்பு விறைக்கிறது, வாய் திறக்கவில்லை. உறுமு, ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்கிறேன். கிணற்று வாளியின் சங்கிலி குலுங்கினால் பண்ணையில் இருக்கிற எல்லா நாயும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்துகின்றன.

சிட்டுவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாதே.

தம்பி


ஜூலை 25

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இரு. உடம்பு எப்படி என்று மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டேன். இருமலுக்கு மருந்து சாப்பிடு.

ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை அவளுக்கு உரக்க வாசித்தேன். இந்த வீட்டில் எதையும் வாயை மூடிவைக்க வேண்டாம் என்று நானும் அத்தானும் முடிவு செய்திருக்கிறோம். மந்திரிக்குக் காது வலித்தது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்டதும் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். எதிர்வீட்டு டீச்சர் பயந்துபோய் ஓடி வந்தார். அழட்டும் டீச்சர் என்று நானும் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையனைப் பற்றிக் கேட்டாள். நாலு வயசு என்றேன். இன்னும் நாய்மேல்தான் உட்கார்ந்திருக்கிறானா என்று கேட்டாள். மாமா சொல்லி அவர்கள் கேட்கவில்லை என்றேன். "நான் போய்க் காட்டுறேன்," என்றாள்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தக் கையைத் தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்று முழுக்கையாகத் தைத்தவள் நான். அவள் கேட்டதையே மூன்று நாள் கேட்டாள். நேற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கட்டிங் மேஜையில் கையை நீட்டி வைத்தாள். கழற்றச் சொல்லி, முழங்கைக்கு மேலே சாக்பீஸ் கோடு போட்டு வெட்டினேன். ஓரம் மடித்துத் தைக்கும்போது மெஷினை மெதுவாக ஓட்டினேன். அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து குனிந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை அத்தான் லாரியில் வருகிறோம். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் நீ நில். பேச வேண்டாம், நீ கதை சொன்ன அக்கா மகள் இவள்தான் என்று மட்டும் சொல்.

காணாமல்போன பென்சில் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. ரோஸ் கலர். கீழே எழுதியிருப்பது அதில்தான்.

அக்கா

மாமா, இது இடது கை. அதான் கோணல். நான் வரேன். நாய்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம், அந்தக் குட்டித் தம்பிகிட்ட மட்டும் போதும். அவன் அது மேல உக்காந்திருந்தா முதல்ல இறங்கச் சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க மாமா.